"மணிரத்னம் எந்த காலேஜ்ல சினிமா படிச்சார்?" - ப்ளஸ் டூ முடித்தவர்களும் பெற்றோரும் பேச வேண்டிய விஷயம்!

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று மாலை பல வீடுகளில் நடக்கும் காட்சி இது. ஸ்வீட் பாக்ஸ் திறந்தே கிடக்கும். மார்க்கும் நன்றாகவே வந்திருக்கும். "அடுத்து என்ன, இன்ஜினீயரிங்கா, பி.காமா?" என்று சித்தப்பா ஆரம்பிப்பார். மகள் ஒரு நிமிஷம் தயங்கி, "நான் சினிமா படிக்கலாம்னு இருக்கேன்" என்பாள்.

அப்பா டி.வி சத்தத்தைக் குறைப்பார். "சினிமாவைப் பார்க்கலாம், எதுக்கும்மா படிக்கணும்? மணிரத்னம் எந்த காலேஜ்ல சினிமா படிச்சார்?"

நியாயமான கேள்விதான். மணிரத்னம் படித்தது எம்.பி.ஏ. கார்த்திக் சுப்பராஜ் இன்ஜினீயர். லோகேஷ் கனகராஜ் பேங்க் வேலையில் இருந்தவர். அப்பாவின் கட்சிக்கு ஆதாரம் நிறையவே இருக்கிறது.

ஆனால், அதே மணிரத்னத்தின் 'நாயகன்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1987-ல் வெளியான அந்தப் படத்துக்காக, சிறந்த ஒளிப்பதிவாளருக்கான தேசிய விருது வாங்கியவர் பி.சி.ஸ்ரீராம். அவர் சென்னை ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் மாணவர். படம் ஒன்றுதான். இயக்கியவர் சினிமாவைக் கல்லூரியில் படிக்காதவர், ஒளிப்பதிவு செய்தவர் படித்தவர். அப்பாவின் கேள்விக்கான பதில் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிறது.

'சினிமா' என்று ஒரு படிப்பு இல்லை!

"ஆஸ்பத்திரி வேலைக்குப் போறேன்" என்று யாராவது சொன்னால், டாக்டரா, நர்ஸா, லேப் டெக்னீஷியனா என்று கேட்போம் இல்லையா? "சினிமா படிக்கப் போறேன்" என்பதும் அப்படித்தான். இயக்கம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ்... ஒவ்வொன்றும் தனித்தனித் தொழில்.

இயக்குநர் ஆவதற்குப் பல வாசல்கள் உண்டு. உதவி இயக்குநராகச் சேரலாம், குறும்படம் எடுத்துக் கவனம் பெறலாம், நாவல் வாசித்தும் நாடகம் போட்டும் வளரலாம். கேமரா, சவுண்டு போன்ற பிரிவுகள் கொஞ்சம் வேறு. அங்கே கருவிகளின் விலை லட்சங்களில் இருக்கும். லென்ஸ் எப்படி வேலை செய்கிறது, ஒலி ஒரு அறையில் எப்படிப் பட்டுத் திரும்புகிறது என்பதெல்லாம் அறிவியல். ஷூட்டிங் நடக்கும் இடத்தில் உதவியாளராக நின்று இதைக் கற்றவர்களும் உண்டு. ஆனால், அங்கே தப்பு செய்தால் தயாரிப்பாளரின் பணம் போகும். கல்லூரியில் தப்பு செய்தால் மறுநாள் திரும்ப எடுத்துப் பார்க்கலாம். தப்பு செய்யக் கிடைக்கும் அந்த அவகாசம்தான் சினிமா படிப்பின் பெரிய லாபம்.

வகுப்பில் என்ன சொல்லித் தருவார்கள்?

உலகின் முதல் சினிமாப் பள்ளி 1919-ல் மாஸ்கோவில் தொடங்கப்பட்டது. அங்கே பாடம் நடத்திய லெவ் குலெஷோவ் செய்த ஒரு பரிசோதனை இன்றைக்கும் எல்லா சினிமா வகுப்பிலும் பேசப்படுகிறது. ஒரு நடிகரின் உணர்ச்சியில்லாத முகம். அதையடுத்து ஒரு கிண்ணம் சூப். மறுபடி அதே முகம், அடுத்து ஒரு சவப்பெட்டி. திரும்பவும் அதே முகம், அடுத்து ஒரு பெண். பார்த்தவர்கள், 'பசியை என்னமா காட்டியிருக்கார், சோகத்தை என்னமா காட்டியிருக்கார்' என்று பாராட்டினார்களாம். நடிகர் எதையுமே காட்டவில்லை. ஒட்டவைத்த ஷாட்தான் நடித்தது!

இப்படித்தான் எடிட்டிங் பாடம் ஆரம்பிக்கும். அப்புறம் பயிற்சிகள். ஒருவர் கதவைத் திறந்து வருகிறார், நாற்காலியில் உட்காருகிறார், தண்ணீர் குடிக்கிறார். இதை ஐந்தாறு ஷாட்களாக எடுத்து, வெட்டு தெரியாமல் ஒட்ட வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். எடுத்துப் பார்த்தால் ஒரு ஷாட்டில் டம்ளர் வலது கையிலும் அடுத்ததில் இடது கையிலும் இருக்கும். முதல் ஷாட்டில் காலை வெயில், கடைசி ஷாட்டில் சாயங்கால வெயில். 'கன்டின்யூட்டி' என்பதன் அருமை அப்போது புரியும்.

சவுண்டு வகுப்பில் இன்னொரு ஆச்சர்யம் காத்திருக்கும். தியேட்டரில் நாம் கேட்கும் செருப்புச் சத்தம், வளையல் சத்தம், டீ கிளாஸ் வைக்கும் சத்தம் எல்லாவற்றையும் பெரும்பாலும் படம் எடுத்த பிறகு, ஸ்டூடியோவில் திரையைப் பார்த்துக்கொண்டே உருவாக்கிச் சேர்க்கிறார்கள்.

எங்கே படிக்கலாம்?

தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது சென்னை தரமணியில், அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறையின் கீழ் இயங்கும் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். 'அடையாறு ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்' என்று பழைய தலைமுறைக்குத் தெரிந்த இடம் இதுதான். முன்பெல்லாம் இங்கே படித்தவர்களுக்கு டிப்ளமோ கொடுப்பார்கள். பழைய படங்களின் டைட்டிலில் பெயருக்குப் பின்னால் 'டி.எஃப்.டி.' என்று வருமே, அது அந்த டிப்ளமோதான். 1986-ல் இந்த மாணவர்கள் சேர்ந்து உருவாக்கிய 'ஊமை விழிகள்' பெரிய வெற்றி பெற்ற பிறகுதான், இன்ஸ்டிட்யூட் பையன்கள்மீது கோடம்பாக்கத்துக்குப் பெரிய நம்பிக்கை பிறந்தது.

இப்போது அதே வளாகத்தில் நான்கு ஆண்டு இளங்கலைப் பட்டம் வழங்கப்படுகிறது. ஒவ்வொரு பிரிவிலும் இடங்கள் மிகக் குறைவு. இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு போன்ற தொழில்நுட்பப் பிரிவுகளுக்கு ப்ளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் கேட்பார்கள். இயக்கம், படத்தொகுப்பு போன்றவற்றுக்கு எந்த குரூப் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். 'சினிமாவுக்கு எதுக்கு சயின்ஸ்' என்று ப்ளஸ் ஒன்னில் வேறு குரூப் எடுத்துவிட்டு, பின்னால் கேமரா பக்கம் ஆசை வந்தால் கதவு சாத்தியிருக்கும். தகுதி விவரங்களை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது, கலை அறிவியல் கல்லூரிகளில் இருக்கும் விஸ்காம். இதில் சினிமா ஒரு பகுதி மட்டுமே. விளம்பரம், போட்டோகிராபி, டிசைன், டி.வி, பத்திரிகை எல்லாம் கலந்து வரும். எந்தத் துறை என்று இன்னும் முடிவுசெய்யாத பிள்ளைக்கு இது பொருந்தும். கேமராதான் என்று தீர்மானமாக இருக்கும் பிள்ளைக்கு இது பாதிக் கிணறு.

'பட்டம்' ஏன் முக்கியம்?

1960-ல் புனேயில், பழைய பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில் தொடங்கப்பட்டது, இன்றைய இந்தியத் திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிக் கல்லூரி. பாலுமகேந்திரா ஒளிப்பதிவு படித்தது அங்கேதான். அங்கேயும், கொல்கத்தாவில் இருக்கும் சத்யஜித் ரே கல்லூரியிலும் இயக்கம், ஒளிப்பதிவு போன்ற முக்கியமான பிரிவுகளில் சேர ஏதாவது ஒரு டிகிரி வேண்டும்.

அதனால் இன்னொரு வழியும் திறக்கிறது. முதலில் வேறு ஒரு பட்டம், பிறகு சினிமா. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் ஒலிக்கலவைக்காக 2009-ல் ஆஸ்கர் மேடை ஏறிய ரசூல் பூக்குட்டி, பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டுப் புனே போனவர். சினிமா கைகொடுக்காவிட்டால் என்ன செய்வது என்று பயப்படும் வீடுகளில், இந்த வழியையும் மேஜைமீது வைத்துப் பேசலாம்.

படித்து முடித்தால் வேலை?

இதில் ஒளிவுமறைவு வேண்டாம். கேம்பஸ் இன்டர்வியூ வைத்து யாரும் ஒளிப்பதிவாளர் வேலை கொடுப்பதில்லை. பட்டம் வாங்கினாலும் உதவியாளராகத்தான் ஆரம்பிக்க வேண்டும். பெப்சியில் அந்தந்தத் தொழிலுக்கான சங்கத்தில் உறுப்பினராக வேண்டும், அதற்கும் பணம் கட்ட வேண்டும். முதல் சில வருடங்கள் சம்பளம் ஒரு படத்துக்கு வரும், அடுத்த படம் வரை வராது. சென்னையில் ரூம் வாடகை மட்டும் மாதம் தவறாமல் வரும்!

அதே நேரம், வேலை என்றால் பெரிய திரை மட்டுமில்லை. சீரியல், வெப் சீரிஸ், விளம்பரப் படம், யூடியூப் சேனல், டப்பிங் ஸ்டூடியோ என்று எடிட்டருக்கும் சவுண்டு இன்ஜினீயருக்கும் இடம் இருக்கிறது. கைத்தொழில் சுத்தமாகத் தெரிந்தவர்கள் சும்மா உட்காருவது குறைவு.

"பொம்பளப் புள்ள நைட் ஷூட்டிங்லாம் போகணுமே..." என்று அம்மா கவலைப்படலாம். அந்தக் கவலையைச் சிரித்து ஒதுக்க முடியாது, வேலை நேரம் அப்படிப்பட்டதுதான். ஆனால், 1985-லேயே 'சின்ன வீடு' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் பி.ஆர்.விஜயலட்சுமி. பாதை அப்போதே போட்டாகிவிட்டது.

பணம் கட்டும் முன்...

தனியார் கல்லூரி என்றால் ஃபீஸ் கட்டுவதற்கு முன் நேரில் போய் நான்கு கேள்விகள் கேளுங்கள். கொடுப்பது பல்கலைக்கழகப் பட்டமா, வெறும் சர்டிஃபிகேட்டா? எத்தனை மாணவர்களுக்கு ஒரு கேமரா? முடிக்கும்போது எடுக்க வேண்டிய படத்தின் செலவு யாருடையது? போன வருட மாணவர்கள் எடுத்த படங்களைப் போட்டுக்காட்ட முடியுமா? கடைசிக் கேள்விக்குத் தயங்கினால், நீங்களும் தயங்குங்கள்.

வீட்டிலேயே ஒரு பரீட்சையும் வைக்கலாம். லீவில் செல்போனிலேயே, வசனம் இல்லாமல், மூன்று நிமிடப் படம் ஒன்றை எடுத்து எடிட் செய்து காட்டச் சொல்லுங்கள். படம் சுமாராக வந்தாலும் பரவாயில்லை. எடுக்கும்போது பிள்ளை எதில் நேரம் போனதே தெரியாமல் உட்கார்ந்தது என்று மட்டும் கவனியுங்கள். நடிகர்களிடம் பேசுவதிலா, வெளிச்சத்துக்காகக் காத்திருந்ததிலா, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெட்டி ஒட்டியதிலா? மூன்றும் மூன்று வெவ்வேறு படிப்புகள். இரண்டாம் நாளே சலித்துவிட்டால், அதுவும் நான்கு வருடத்தை மிச்சப்படுத்தும் பதில்தான்.

அந்த மூன்று நிமிடங்களைப் பார்த்து முடித்த பிறகு, டி.வி சத்தத்தைக் குறைத்த அப்பா "எதுக்கும்மா படிக்கணும்?" என்று கேட்க வேண்டியிருக்காது. "எந்தப் பிரிவும்மா?" என்று கேட்டால் போதும்.