பெருநடுவர் பணியும் காலவரையும்

அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றங்களில், ஒருவன்மீது பெருங்குற்றஞ் சாட்டத் தகுமோ என ஆராயுங் குடிமக்கள் குழுவே 'கிராண்டு ஜூரி' எனப்படும். 16 முதல் 23 பேர் அமர்வர். 12 பேரேனும் இசைந்தாலன்றிக் குற்றச்சாட்டு எழாது. 1791-இல் அந்நாட்டு அரசியற் சட்டத்தின் ஐந்தாந் திருத்தம் உறுதிசெய்த காவல் இது.

இவர்தம் பணிக்காலம் 18 திங்கள் வரை செல்லும். பொதுநலங் கருதி நீதிமன்றம் மேலும் 6 திங்கள் நீட்டலாம். நாடோறும் அமர்வதில்லையெனினும், இது மிக நெடிதென்பதே எம் துணிபு. சான்று கேட்கும் அவ்வவையில் நீதிபதி இரார். எதிரியின் வழக்கறிஞரும் இரார். அரசு வழக்கறிஞரே வழக்கை எடுத்துரைப்பர். ஓராண்டிற்கு மேலும் ஒரு பக்கத்தையே கேட்குஞ் செவி, ஐயுற்று வினவும் ஆற்றலை இழத்தல் இயல்பன்றோ?

சிக்கலான வழக்கிற்கு நெடுங்காலம் வேண்டுமென்பர். அத்தகையதற்கு மட்டும் காலத்தை நீட்டுக. ஏனையவற்றிற்கு 6 திங்களே அமையும். குடிகளைக் காக்க எழுந்த கேடயம், அரசின் கைவாளாதல் ஆகாது.