அச்சமும் மருந்தும்

அச்சம் பிறக்கும் நிலைக்களன் நான்கென வகுத்தார் தொல்காப்பியனார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இந்நான்கனுள் ஒன்றும் எதிர்ப்படாதிருக்கவும், நெஞ்சு துடித்து, மூச்சு முட்டி, உயிர் போயிற்றெனவே நடுங்குவாரும் உளர். என் விடுதித் தோழர் ஒருவர் அத்தகையர். அவர் மாத்திரையை ஒளித்துண்ணக் கண்ட யாம், "ஆண்மகனுக்கு அச்சமா?" என நகைத்தோம். நாணிய அவர் தாமே மருந்தை நிறுத்தினார். முன்னினும் மிகத் துன்புற்றார். அப்பிழை எம்முடையதே.

காய்ச்சலுக்கு மருந்துண்பாரை இகழாத நாம் இவரை இகழ்வது எற்றுக்கு? ஆயினும் எல்லா அச்சத்திற்கும் மருந்தே வழி என்பதும் பொருந்தாது. பாம்பு, உயரம் போன்ற ஒன்றைப் பற்றிய பேரச்சத்திற்கு, அதனைச் சிறிது சிறிதாக அணுகிப் பழகும் பயிற்சியே தலையாயது. காரணம் விளங்காது நீடிக்கும் பதற்றத்திற்கோ, மூளையிலுள்ள செரடோனின் என்னும் பொருளின் வழிச் செயற்படும் மருந்துகள் பெரிதும் உதவும். அவற்றின் பயன் தோன்றச் சில வாரங்கள் ஆகும். 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டயஸிபாம் விரைந்து அமைதி தரும். நெடுநாள் உண்ணின் விடற்கரிய பழக்கமாகும். ஆதலின் மருந்தைத் தொடங்குதலும் நிறுத்துதலும் மருத்துவர் சொற்படியே ஆகுக.

மாணவ நண்பர்காள்! அஞ்சுவோரை நகையாதீர், மருத்துவர்பால் அவருடன் செல்வீராக. என் தோழர்க்கு யாம் செய்யத் தவறியது அதுவே.