அண்டை வீட்டு நாய்



கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய குடியிருப்புகளில் பக்கத்து வீட்டு நாய் நம் முற்றத்தை அசுத்தப்படுத்தினால் மனம் வருந்தவே செய்யும். ஷாஃபிஈ மத்ஹபின்படி அந்த நஜீஸ் ஆடையில் பட்டால் ஏழுமுறை, அவற்றுள் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவிய பின்னரே அதை உடுத்தித் தொழலாம். பிற சமயத்து அண்டை வீட்டார் இதை அறிந்திருக்க வழியில்லை. ஆதலால் முதலில் இன்முகத்துடன் எடுத்துச் சொல்லுங்கள்.

கேளாவிடில் பேரூராட்சியிலோ ஊராட்சியிலோ எழுத்து மூலம் முறையிடுங்கள். தொல்லை நீடித்தால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கோரலாம்.

ஆத்திரத்தில் விஷம் மட்டும் வைத்துவிடாதீர்கள்! 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு அதற்கு 5 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்டதாக நவின்றவர்கள் நம் பெருமானார் (ஸல்) அவர்கள். குற்றம் அந்த வாயில்லா ஜீவனுடையதன்று.