புயல் நிவாரணம்: தயவா, உரிமையா?

2023 டிசம்பரில் தமிழ்நாட்டு ஜனங்கள் ஒரே மாதத்தில் இரண்டு பேரிடிகளைத் தாங்கினார்கள். மாத ஆரம்பத்தில் மிக்ஜாம் புயல் சென்னையையும் சுற்றுப்புற ஜில்லாக்களையும் மூழ்கடித்தது. இரண்டு வாரத்தில் நெல்லை, தூத்துக்குடி ஜில்லாக்களில் பேய்மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். மாநில சர்க்கார் இரண்டுக்குமாக 37,907 கோடி ரூபாய் கேட்டது. நான்கு மாதம் கடந்து, சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்ட பிறகு, 2024 ஏப்ரலில் மத்திய சர்க்கார் அனுமதித்த தொகை 682 கோடி. அதிலும் கொடுத்தது 276 கோடி. நூறு ரூபாய் கேட்ட இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கைக்கு வரவில்லை!

“இரண்டு தவணையாக 900 கோடி ஏற்கனவே கொடுத்துவிட்டோமே” என்று மத்திய மந்திரிகள் பதில் சொன்னார்கள். இந்தப் பதிலில் உள்ள சூழ்ச்சியை ஜனங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

2004 சுனாமிக்குப் பிறகு, 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன்படி நிவாரணத்துக்கு இரண்டு பணப்பெட்டிகள் உண்டு. ஒன்று, மாநிலப் பேரிடர் நிதி. 15வது நிதிக் கமிஷன் 2021 முதல் 2026 வரை ஐந்து வருஷத்துக்கு எல்லா மாநிலங்களுக்குமாக இதற்கு 1,28,122 கோடி ரூபாய் நிர்ணயித்தது. நான்கில் மூன்று பங்கு மத்திய சர்க்காருடையது. மலை மாநிலங்களுக்கும் வடகிழக்குக்கும் பத்தில் ஒன்பது பங்கு. புயல் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் வருஷந்தோறும் வந்து சேரவேண்டிய பங்கு இது. மந்திரிகள் பெருமையடித்துக்கொண்ட 900 கோடி இந்தப் பங்குதான். சம்பள நாளில் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, “தர்மம் செய்தேன்” என்று முதலாளி சொன்னால் தொழிலாளி ஒப்புக்கொள்வானா?

பெரிய சேதத்துக்காக உள்ளது இரண்டாவது பெட்டி, தேசியப் பேரிடர் நிதி. இதற்கும் பணம் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. 2001இல் பீடி, சிகரெட், பான் மசாலா போன்ற சரக்குகள் மீது பேரிடர் வரி என்றே தனி வரி போட்டார்கள். ஏழை பிடித்த பீடியிலும் இந்த வரி உண்டு. ஆனால் பெட்டியின் சாவி டில்லியில். மாநில சர்க்கார் மனுக் கொடுக்க வேண்டும். மத்தியக் குழு வந்து பார்க்க வேண்டும். ஒரு துணைக் கமிட்டி பரிசீலிக்க வேண்டும். கடைசியில் உள்துறை மந்திரி தலைமையிலான உயர்மட்டக் கமிட்டி தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதன் பிறகும், மாநில நிதியில் மிச்சமிருக்கும் தொகையில் பாதியைக் கழித்துக்கொண்டுதான் பணம் வரும்.

கிடைப்பதாவது போதுமா? 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு மத்திய சர்க்கார் வகுத்த அளவுகோலைப் பாருங்கள். பாசனப் பயிர் அழிந்தால் ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். ஏக்கருக்கு ஏழாயிரம்கூட ஆகவில்லை. மூன்றில் ஒரு பங்காவது சேதமாக வேண்டும். இரண்டு ஹெக்டேருக்கு மேல் கிடையாது. குடிசை போனால் 8,000 ரூபாய். எந்த ஊரில் இந்தப் பணத்துக்குக் குடிசை எழும்பும்? காணி நிலமும் இல்லாமல், அறுவடைக் கூலியை நம்பியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு இந்த ஹெக்டேர்க் கணக்கில் இடமே இல்லை.

தமிழ்நாடு மட்டுமா இந்தக் கதி அடைந்தது? 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்து முண்டக்கையும் சூரல்மலையும் புதைந்தன. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பூண்டோடு அழிந்தன. 2025 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் கேரளத்துக்கு நீட்டியது 529 கோடி ரூபாய் கடன்! வட்டி இல்லாவிட்டாலும் கடன் கடன்தான். அதையும் மார்ச் 31க்குள் செலவழிக்க வேண்டுமென்று நிபந்தனை. புனர்நிர்மாணத்துக்கு 260 கோடி அனுமதியானது 2025 அக்டோபரில். பதினான்கு மாதம் கழித்து. இதற்கிடையில், 2019 வெள்ளம் முதல் வயநாடு வரை மீட்பு விமானங்கள் பறந்ததற்காக 132 கோடிக்கு மேல் பில்லும் வந்தது. கடும் பேரிடரில் கடன் சலுகைக்குச் சிபாரிசு செய்ய 2005 சட்டத்தின் 13வது பிரிவு வழிசெய்திருந்தது. 2025 திருத்தத்தில் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டார்கள்.

கஜானாவில் பணம் இல்லையா? 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வரியைக் குறைத்தார்கள். வருஷத்துக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் போகும் என்று நிதி மந்திரியே அறிவித்தார். அதற்கு எந்தக் குழு எந்த வயலில் இறங்கிப் பார்த்தது? எந்த மனு எத்தனை மாதம் காத்திருந்தது? ஒரே அவசரச் சட்டம், காரியம் முடிந்தது. முதலாளிக்கு அவசரம் என்றால் சர்க்கார் ஓடுகிறது. தண்ணீரில் நிற்கும் ஏழைக்கு அவசரம் என்றால் நடக்கவும் மறுக்கிறது. இது பணப் பஞ்சமல்ல, வர்க்கப் பார்வை.

ஆகவே நாம் கோருகிறோம்: மழை, காற்று, சேதம் ஆகியவற்றின் அளவு குறித்த எல்லையைத் தாண்டியதுமே தேசிய நிதியிலிருந்து முதல் தவணை தானாக வரவேண்டும், கணக்குப் பிறகு பார்க்கலாம். மத்திய உதவி மானியமாக இருக்கவேண்டும், கடனாக அல்ல. நிவாரண அளவு விலைவாசியோடு உயரவேண்டும். குத்தகை விவசாயிக்கும் கூலித் தொழிலாளிக்கும் நிவாரணம் உண்டு என்று விதியில் எழுத வேண்டும். 13வது பிரிவைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். மாநில சர்க்காரும் டில்லியைக் காட்டித் தப்பித்துக்கொள்ளக் கூடாது. பயனாளிகளின் பட்டியலைக் கிராம சபையில் பகிரங்கமாகப் படிக்க வேண்டும்.

அடுத்த புயல் நம் அனுமதி கேட்டு வராது. சங்கங்களும் தோழர்களும் கிராமந்தோறும், குப்பந்தோறும் இந்தக் கோரிக்கைகளை இன்றே எடுத்துச் செல்ல வேண்டும். கை ஏந்தினால் கிடைப்பது தயவு. கை கோத்துப் போராடினால் கிடைப்பது உரிமை.