விருந்தினராய்ச் செல்வோம்

பிறர் வாழும் நிலத்தைச் சென்று காண்டல் கல்வியின் ஒரு பகுதியென்பது எல்லாரும் ஒப்ப முடிந்த உண்மை. கல்லூரி வகுப்பறையிற் கற்ற வரலாறும் புவியியலும் காலால் நடந்து கண்டபோதே நெஞ்சிற் பதியும். நமது கல்லூரி விழாக்கோலம் பூண்டிருக்கும் இவ்வேளையில், இலண்டன், ரொறன்ரோ, மெல்பேண் முதலிய நகரங்களிலிருந்து பழைய மாணவர் பலர் தாயகம் வருகின்றனர். விழா முடிந்ததும் வான்களில் வன்னிக்குச் செல்வது அன்னாரிடையே வழக்கமாகி வருகின்றது. மாணவர்களின் கல்விச் சுற்றுலாவும் அத்திசை நோக்குகின்றது. செல்லுதல் நன்றே. எவ்வாறு செல்லுதல் வேண்டும் என்பதே நாம் ஈண்டு ஆராய விரும்பும் பொருள்.

இமயமலைச் சாரலிலுள்ள பூட்டான் நாடு 1974ஆம் ஆண்டிலேதான் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தன் கதவைத் திறந்தது. திறந்த நாள்தொட்டே வருவோர் தொகையைப் பெருக்குவதினும் வருகையின் தகுதியைக் காப்பதே அந்நாட்டின் கொள்கையாயிற்று. 2022ஆம் ஆண்டில், பெரும்பாலான வெளிநாட்டார் ஓரிரவு தங்குவதற்கு 200 அமெரிக்க டொலர் வரி இறுக்க வேண்டுமென விதித்தது. மறு ஆண்டில் அதனை 100 டொலராகக் குறைத்தது. 1990களை ஒட்டிய காலத்தில் நேபாள மொழி பேசும் தன் குடிகளில் ஏறத்தாழ ஓரிலட்சம் பேர் வெளியேற நேர்ந்த அந்நாட்டைக் குறையற்றதென நாம் போற்றவில்லை. ஆயினும், வருகின்றவன் எவ்வாறு வரவேண்டுமென்பதை வீட்டுக்குரியவனே வகுத்தல் வேண்டும் என்னும் பாடத்தை அதனிடமிருந்து கற்கலாம்.

இனி, நம் முள்ளிவாய்க்காலை நோக்குவோம். பரந்தனிலிருந்து கிழக்கே செல்லும் வீதி விசுவமடு, புதுக்குடியிருப்பு ஆகியவற்றைக் கடந்து, ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் நந்திக்கடலும் சூழ்ந்த ஒடுங்கிய நிலத்தை அடைகின்றது. அங்கு வாழ்வோர்க்கு வரி விதிக்கும் அதிகாரமில்லை, வாயிற்காவலும் இல்லை. 2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபின், தெற்கிலிருந்து பேருந்துகள் நிறைய மக்கள் வந்தனர். நிலவறைகளும், 2006ஆம் ஆண்டு இறுதியில் கரைதட்டிய யோர்தான் நாட்டுக் கப்பலும், புதுக்குடியிருப்பில் எழுந்த வெற்றிச் சின்னமும் அவர்க்குக் காட்சிப் பொருளாயின. சொந்த நிலத்திற் குடியேற முடியாது முகாம்களில் இருந்தோர் அந்நாளிற் பலர். அவர்தம் துயரம் பிறர்க்கு உல்லாசப் பயணமாயிற்று. அதனைக் கண்டு நாம் வெகுண்டோம். அவ்வெகுளி நேரியதாயின், நம்மவர் வான்களும் அதே வீதியில் அதே விரைவோடு சென்று, அதே இடங்களிற் படம் பிடித்துத் திரும்புதல் தகுமோ?

வன்னியின் பண்பாடு ஒரு மணி நேரத்திற் கண்டு முடிக்கத்தக்கதன்று. பிரித்தானியர் ஆட்சியில் ஜே. பி. லூயிஸ் என்னும் சிவில் உத்தியோகத்தர் வன்னி மாவட்டங்களைப் பற்றி 1895இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். அது அரசாங்கத்தின் தேவைக்கென எழுந்ததே. எனினும், அந்நிய உத்தியோகத்தருக்கு இருந்த பொறுமைதானும் நமக்கு இல்லையெனின் அது நாணத்தக்கதன்றோ? வைகாசி விசாகத்தையொட்டி வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் நிகழும் பொங்கலை எடுத்துக்கொள்வோம். பலர் அறிந்தது பொங்கல் நாள் ஒன்றையே. பாக்குத் தெண்டலும், சிலாவத்தைக் கடலில் தீர்த்தமெடுத்தலும், முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்தில் உப்புநீரில் விளக்கெரித்தலும் நாட்கணக்கில் முன்னரே தொடங்கிவிடுகின்றன. எண்ணெய் இல்லையென்ற இடைச்சிறுவரிடம் கடல்நீரை வார்த்து விளக்கேற்றுமாறு அம்மன் பணித்ததாக அவ்வூரார் வழிவழி கூறுவர். அக்கதையை அவ்வூர் மூதாட்டி ஒருவர் வாயாற் கேட்பதும், கோவலன் கூத்தை விடியுமட்டும் அமர்ந்து காண்பதும், நந்திக்கடலில் இறால் பிடித்து வருவோருடன் கரையில் நின்று உரையாடுவதும் அல்லவோ அந்நிலத்தை அறிதலாகும்!

துயரமும் அம்மக்களின் அன்றாட வாழ்வில் ஓர் அங்கம். 2009இன் இறுதி மாதங்களில் 40,000 வரையான பொதுமக்கள் மாண்டிருக்கலாம் என்னும் மதிப்பீட்டை, ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த வல்லுநர் குழு 2011இல் தன் அறிக்கையிற் குறித்தது. ஆண்டுதோறும் மே 18ஆம் நாளையொட்டி அரிசியும் நீரும் உப்பும் மட்டும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சி பகிரப்படுகின்றது. அதனை ஏற்போர் சுவைக்காக ஏற்பதில்லை. அதனை வாங்கிக் கையில் ஏந்திப் படமெடுத்து, இரு மிடறு பருகி எஞ்சியதைக் கொட்டுவோன் அதன் பொருளை அறியான்.

யாழ்ப்பாணத்தார்க்கு இங்கே தனிக் கடமை ஒன்றுண்டு. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபின், கிளாலி நீரேரி கடந்து வன்னி சென்றோர் மிகப் பலர். வன்னிமக்கள் தம் திண்ணையையும் கிணற்றையும் அவர்க்கு ஈந்தனர். மரநிழல்களிற் பாடசாலைகள் நடந்தன. அந்நாள் விருந்தோம்பலை உண்டோர் இந்நாள் அவர்தம் முற்றத்தை வேடிக்கைக் களமாக்குதல் நன்றி மறத்தலாகும்.

வருவோர் வந்தாலன்றி அவ்வூரார்க்கு வருவாய் ஏது எனச் சிலர் வினவலாம். நேரிய வினாவே. ஆனால், யாழ்ப்பாணத்திற் கட்டிய உணவுப் பொதியோடு சென்று, அந்தி சாயுமுன் மீளும் வானினால் அவ்வூரார் பெறுவது புழுதி மட்டுமே. எவரும் செல்லாதொழிவதும் தீர்வாகாது. மறதி அதனினும் கொடிது. ஆதலின் பழைய மாணவர் சங்கமும் கல்லூரி ஆசிரியரும் சில நெறிகளை வகுத்தல் வேண்டுமென வேண்டுகின்றோம். சுற்றுலா ஓரிரவேனும் அப்பகுதியில் தங்குவதாக அமைக, உணவும் மீனும் கருவாடும் அங்கேயே வாங்கப்படுக, தொகை சிறிதாகுக. முள்ளிவாய்க்கால், வற்றாப்பளைப் பகுதிப் பாடசாலை ஒன்றுடன் முன்னரே தொடர்புகொண்டு, அவ்வூர் மாணவர் நம் மாணவர்க்கு வழிகாட்டுக. மறு தவணை அவர்கள் நம் கல்லூரிக்கு விருந்தினராய் வருக. இசைவின்றி எவரையும் படமெடுத்தல் வேண்டாம். மாண்டாரைப் பற்றி நாமாக வினவுதலும் வேண்டாம். அவர் கூற விழைந்தால் இடைமறியாது கேட்போமாக.

பூட்டானில் அரசு வகுத்த விதியை முள்ளிவாய்க்காலில் வகுப்பார் இலர். ஆகவே அவ்விதி செல்வோர் நெஞ்சில் இருத்தல் வேண்டும். நுழைவுச் சீட்டில்லாத வீட்டில் நடந்துகொள்ளும் முறையே ஒருவன் கற்ற கல்விக்கு அளவுகோலாகும்.