ஒத்திகையும் ஆய்வுச் சான்றே: பேராதனைக் கூத்தரங்கை முன்வைத்து

1956இல் எதிரிவீர சரச்சந்திர பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘மனமே’ என்னும் சிங்கள நாடகத்தை அரங்கேற்றினார். நாடகம எனப்படும் சிங்கள அரங்க மரபில் வேரூன்றிய அப்படைப்பு, அம்மரபோடு உறவுடைய தமிழ்க் கூத்தின்பால் தமிழறிஞரின் கவனத்தையும் ஈர்த்தது. அதன் பின்னர்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதே வளாகத்தின் தமிழ் மாணவரை ஒருங்கிணைத்துக் ‘கர்ணன் போர்’ (1962) முதலிய கூத்துகளை மேடையேற்றினார். அவற்றுள் ‘கர்ணன் போர்’ மரபுவழிப் பனுவலின் சுருக்கம். ‘இராவணேசன்’ புதிதாக யாக்கப்பட்டது.

இப்படைப்புகள் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் அச்சுப் பனுவலையும் அரங்கேற்றத்தையுமே சான்றாகக் கொள்கின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒத்திகைக் காலம் உரிய கவனம் பெறவில்லை. மாணவர் அரங்கைப் பொறுத்தவரை இது சிறு குறையன்று. படைப்பு உருப்பெறும் இடமே அதுதான்.

மட்டக்களப்பு மரபில் கூத்துப் பழகுதல் பல படிநிலைகளை உடையது. சட்டம் கொடுத்தலில் தொடங்கிச் சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் எனத் தொடர்ந்து அரங்கேற்றத்தில் அது நிறைவுறும். இடைப்பட்ட மாதங்களில் ஊரே களரியைச் சூழ்ந்து நின்று ஆடுவோரைத் திருத்தும். வளாகத்திலோ பருவ அட்டவணையும் தேர்வும் காலத்தைக் குறுக்குகின்றன. விடியும்வரை ஆடும் கூத்தைச் சில நாழிகைக்குள் அடக்கவும், வட்டக்களரி ஆட்டத்தை ஒருபுறம் மட்டுமே அவையோர் அமர்ந்துள்ள படச்சட்ட மேடைக்கு மாற்றவும் வேண்டியிருந்தது. எப்பாடலை நீக்குவது, எவ்வரவாட்டத்தைக் குறைப்பது என்னும் முடிவுகள் ஒத்திகையிலேயே சோதிக்கப்பட வேண்டியவை.

புதிய பனுவலில் இத்தேவை மேலும் மிகுதி. மத்தளத்தின் தாளக்கட்டுக்கு இசையாத அடி, ஏட்டில் குறையற்றதாகத் தோன்றினும் ஆடும் காலில் இடறும். அதனைத் திருத்தும் அறிவு மூவரிடம் பகிர்ந்து கிடக்கிறது. கதையின் நோக்கை வகுப்பவர் பேராசிரியர். ஆட்டமும் தாளமும் அண்ணாவியாரின் புலம். இரண்டையும் தம் உடலில் இணைத்துப் பார்ப்பவர் மாணவர். ‘இராவணேச’னில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகிக் கிழக்குப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு அதனை மறுஆக்கம் செய்தார். ஒத்திகைக் களத்தில் பெற்ற அறிவே இவ்வாறு அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கப்பட்டது. எனவே மாணவர் குழுவுக்குத் தலைமை தாங்குதல் என்பது ஆணையிடுதல் அன்று. இம்மூவகை அறிவும் ஒன்றையொன்று திருத்த இடமளித்தலே ஆகும். ஒருவர் பெயரில் மட்டும் படைப்பைப் பதிவுசெய்யும் வழக்கம் இவ்வுண்மையை மறைக்கிறது. அதனால் பெரிதும் இழப்புறுபவர் அண்ணாவியாரே.

ஒத்திகை பற்றிய நினைவுகள் காலத்தால் திரிபுறக் கூடியவை, ஆதலின் அச்சுப் பனுவலே உறுதியான சான்று என வாதிடலாம். நினைவு திரியும் என்பது உண்மையே. ஆனால் நாட்டார் வழக்காற்றியலில் வாய்மொழித் தரவை ஒப்பிட்டுத் தெளியும் நெறி ஏற்கெனவே நிலைபெற்றுள்ளது. நடிகர் கைப்படி, அடித்தல் திருத்தலுடன் கூடிய ஏடு, நிகழ்ச்சி மலர், ஒளிப்படம் ஆகியவற்றை ஒருவர்க்கு மேற்பட்டோரின் நேர்காணலோடு வைத்து நோக்கின், ஒத்திகையும் ஆய்வுக்குரிய தரவாகும். மேலும் அச்சுப் பனுவல் அரங்கேற்றத்திற்குப் பின் செப்பம் செய்யப்பட்டதாயின் அதுவும் முழுச் சான்றாகாது.

ஆகவே மாணவர் அரங்கை ஆயும் தமிழ்த்துறை ஆய்வேடுகள் ஒத்திகை வரலாற்றைத் தனி இயலாகக் கொள்ளல் வேண்டும். இன்று புதிய இசை நாடகம் தயாரிக்கும் துறைகளும் மாற்றப்பட்ட அடிகளையும் மாற்றியவர் பெயரையும் நாள்தோறும் குறித்து வைத்தல் நலம். 1962இல் மாணவராக ஆடியோர் இன்று எண்பதைக் கடந்த முதியோர். அவர்களிடம் கேட்க வேண்டியவற்றை இனியும் ஒத்திப்போட இயலாது. பனுவல் நூலகத்தில் காத்திருக்கும். ஆடிய கால்களின் நினைவு காத்திராது.