காதுக்குப் புள்ளி இல்லை

சாதாரண தரப் பரீட்சையின் ஆங்கில வினாத்தாளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இரண்டு பேப்பர். வாசித்து விடை எழுதணும், இடைவெளி நிரப்பணும், கடிதமோ கட்டுரையோ எழுதணும். எல்லாமே கண்ணுக்கும் கைக்கும் உள்ள வேலை. மூன்று மணித்தியாலம் ஆங்கிலப் பரீட்சை எழுதும் பிள்ளையின் காதில் ஒரேயொரு ஆங்கில வசனம்கூட விழுவதில்லை. பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையாளர் சொல்லும் அறிவித்தலும் தமிழில்தான்.

நாங்கள் பதுளை மாவட்டத்திலிருந்து கலைப்பீடங்களுக்குப் போனவர்கள். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பசறை, ஹாலிஎல பக்கம் தோட்டப் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு எடுக்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அளக்க நம் நாட்டில் இருக்கும் முறை அரைகுறையானது என்பதும், அந்த அரைகுறையின் விலையை அதிகமாகக் கொடுப்பது ஊவாவின் தோட்டப் பாடசாலைகள்தான் என்பதும் எங்கள் கருத்து.

வகுப்பில் ஒரு சின்னப் பரிசோதனை செய்து பார்த்தோம். பழைய வினாத்தாளில் இருந்து ஒரு பந்தியைப் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். பலர் நன்றாகவே விடை எழுதினார்கள். அடுத்த கிழமை அதே தரத்தில் இன்னொரு பந்தியைக் காகிதம் கொடுக்காமல் மெதுவாக இரண்டு தடவை வாசித்துக் காட்டி, அதே மாதிரிக் கேள்விகளைக் கேட்டோம். நன்றாக எழுதிய பிள்ளைகளில் பாதிப் பேர் பேனையை வைத்துக்கொண்டு எங்கள் முகத்தையே பார்த்தார்கள். ஆனால் எல்ல பக்கத்தில் மாமா வீட்டில் தங்கி லீவு நாட்களில் கடையில் நிற்கிற ஒரு தம்பி, போன கிழமை பந்தியில் கிட்டத்தட்ட ஒன்றும் எழுதாதவன், அன்றைக்கு எல்லாக் கேள்விக்கும் வாயால் விடை சொன்னான். அவனுக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியாது.

இதில் யாருக்கு ஆங்கிலம் தெரியும்? பரீட்சைத் திணைக்களத்தின் சான்றிதழில் ஒருவருக்கு சி வரும், தம்பிக்கு டபிள்யூ வரும். இரண்டு எழுத்துமே அரை உண்மைதான் சொல்லும்.

வாசிப்பையாவது சரியாக அளக்கிறோமா என்றால் அதிலும் சந்தேகம் இருக்கிறது. இந்த வசனத்தைப் பாருங்கள்: "கிமிலன் நேற்று தூவரையில் சடுவினான்." கேள்வி: கிமிலன் எங்கே சடுவினான்? விடை: தூவரையில். எப்போது சடுவினான்? நேற்று. இரண்டு புள்ளியும் உங்களுக்குத்தான். கிமிலன் யார், தூவரை ஊரா வீடா, சடுவுதல் என்றால் என்ன என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பந்தியில் சொல்லைத் தேடி அப்படியே தூக்கி வைக்கும் இந்த வித்தையை டியூசன் வகுப்புகள் நன்றாகப் பழக்கிவிடுகின்றன. எல்லாக் கேள்வியும் இப்படி இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறோம். ஆனால் எஸ் சித்தி ஒன்றை எடுத்துத் தப்பிக்க இந்த வித்தை தாராளமாகப் போதும்.

காதும் கண்ணும் தனித்தனி இல்லை என்பது அடுத்த விசயம். தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் தூரம் குறைவு. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. தீவுக்கான ஆங்கிலச் சொல்லைப் புத்தகத்தில் மட்டும் பார்த்த பிள்ளை அதை மனசுக்குள் "இஸ்லாண்ட்" என்று வாசிக்கிறது. யாராவது "ஐலண்ட்" என்று சொன்னால் அது வேறேதோ புதுச் சொல் என்று நினைக்கிறது. கத்தியை "க்னைஃப்" என்று படித்த பிள்ளைக்கு "நைஃப்" புரியாது. இப்படி நூற்றுக்கணக்கான சொற்கள். கண்ணுக்குத் தெரிந்த சொல் காதுக்கு அந்நியமாகவே இருக்கிறது. ஒலி தெரியாமல் வாசிப்பதால் வாசிப்பும் மெதுவாகிறது, ஒவ்வொரு சொல்லிலும் தடுக்குகிறது.

பாடத்திட்டத்தில் கேட்டல் இல்லையா? இருக்கிறது. ஆங்கிலப் பாடநூல்களில் ஆசிரியர் வாசிக்க, பிள்ளை கேட்டு விடை எழுதும் பயிற்சிகள் உண்டு. ஆனால் நம்ம பிள்ளைகளின் முதல் கேள்வி என்ன என்று எல்லாருக்கும் தெரியும்: "சேர், இது பேப்பருக்கு வருமா?" வராது என்றால் அந்தப் பக்கம் புரட்டப்படும். ஆசிரியரைக் குற்றம் சொல்லவும் முடியாது. பல தோட்டப் பாடசாலைகளில் ஆங்கிலத்துக்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர் இருப்பதே பெரிய விசயம். இருக்கிற ஒருவர் ஆறாம் ஆண்டிலிருந்து பதினோராம் ஆண்டு வரை ஓடி ஓடிப் படிப்பிக்கும்போது, பரீட்சைக்கு வராததற்கு நேரம் எங்கே கிடைக்கும்?

இங்கேதான் நகரத்துக்கும் தோட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் வருகிறது. கொழும்பில் அல்லது கண்டியில் ஒரு பிள்ளைக்குப் பாடசாலை ஆங்கிலத்தைக் கேட்கப் பழக்காவிட்டாலும் வீடு பழக்கும், அயல் பழக்கும், காசு கொடுத்துப் போகிற வகுப்பு பழக்கும். லுணுகலையில் ஒரு டிவிஷனில் இருக்கும் பிள்ளைக்குப் பாடசாலையை விட்டால் வேறு வழி குறைவு. பாடசாலை கைவிட்டது என்றால் அத்தோடு சரி.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலம் தோட்டத்துக்குப் புதுசு இல்லை. கோப்பிக் காலத்திலிருந்தே அது மலையில் இருக்கிறது. நம்ம பேச்சைக் கவனியுங்கள்: லயம், பெரட்டு, மஸ்டர், செக்ரோல், டீமேக்கர். "லைன்" லயமாகி, "பரேட்" பெரட்டாகி நம்ம நாக்கில் குடியிருக்கின்றன. அதாவது எங்கள் பாட்டன் பூட்டன் காலத்தில் ஆங்கிலம் காதால்தான் வந்தது. ஆனால் அது கட்டளையாக வந்தது. துரை சொல்வார், கணக்கப்பிள்ளை திருப்பிச் சொல்வார், சனம் வேலைக்குப் போகும். திருப்பிக் கேள்வி கேட்கிற உரிமையோடு அந்த மொழி வரவில்லை. 1940களில் கன்னங்கரா காலத்தில் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியிலேயே நின்றன. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பெடுக்கத் தொடங்கியது. மற்றவர்கள் ஒரு தலைமுறைக்கு முன்னமே ஓடத் தொடங்கிய பாதையில் நம்ம ஆட்கள் பிந்தித்தான் இறங்கினார்கள். இன்றைக்கு அதே மலையில் அந்த மொழி காகிதமாக மட்டும் வருகிறது. அன்று காது மட்டும், இன்று கண் மட்டும். முழு மொழி எப்போது வரும்?

மற்ற நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் பார்த்தோம். சீனாவில் உயர்நிலைப் பாடசாலை முடிக்கும் பிள்ளைகள் எழுதும் "காவ்காவ்" பரீட்சையில் ஆங்கிலத்துக்கு 150 புள்ளிகள். தேசிய மட்ட வினாத்தாளில் கேட்டலுக்கு 30 புள்ளிகள், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. 20 கேள்விகள், சுமார் 20 நிமிடம். சின்ன உரையாடல்கள் ஒரு தடவைதான் ஒலிக்கும், நீளமானவை இரண்டு தடவை. பெய்ஜிங்கில் 2021 முதல் கேட்டலையும் பேசுதலையும் சேர்த்துக் கணினியில் தனிப் பரீட்சையாக நடத்தி 50 புள்ளிகள் கொடுக்கிறார்கள். வாசிக்கத் தெரிந்தும் கேட்கவோ பேசவோ முடியாத நிலையை அங்கே "செவிட்டு ஊமை ஆங்கிலம்" என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. பெயர் நல்லதில்லை, கேட்காத பேசாத மனிதர்களை அது கேவலப்படுத்துகிறது. ஆனால் நோய் என்ன என்று அவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். தென்கொரியாவில் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையில் ஆங்கிலக் கேட்டல் நடக்கும் சுமார் 35 நிமிடம் விமானங்கள் இறங்கவும் ஏறவும் விடமாட்டார்கள். பிள்ளையின் காதுக்காக வானத்தையே நிறுத்துகிறார்கள்!

அதற்காக சீனாவைக் கொப்பி அடிப்போம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரே பரீட்சையில் வாழ்க்கையைத் தொங்கவிடும் முறை அது. அங்கேயும் நகரத்துப் பிள்ளைக்கும் கிராமத்துப் பிள்ளைக்கும் இடையில் இடைவெளி இருக்கிறது. எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. கேட்பதற்குப் புள்ளி வைத்தால் பாடசாலைகள் கேட்கப் பழக்கும்.

எங்கள் நண்பர்களுக்குள்ளேயே இதற்கு எதிர்ப்பு இருக்கிறது. அது நியாயமான எதிர்ப்பு. "கேட்டல் பரீட்சை வந்தா முதல்ல விழுறது நம்ம பிள்ளைகதான்" என்கிறார்கள். ஸ்பீக்கர் இல்லாத பாடசாலை, கரண்ட் போகிற பாடசாலை, இரண்டு வகுப்புக்கு நடுவில் சுவரே இல்லாத மண்டபம். ஊவாவில் ஒக்டோபரிலிருந்து தை மாதம் வரைக்கும் மழை. தகரக் கூரையில் மழை கொட்டும்போது பக்கத்தில் இருப்பவன் தமிழில் பேசுவதே கேட்காது. கொரியாவில் விமானத்தை நிறுத்தலாம், நம்ம தகரத்தில் விழும் மழையை யார் நிறுத்துவது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் கேட்டல் பரீட்சை கொண்டுவந்தால் அது அநியாயம்தான். ஆனால் பரீட்சையே வேண்டாம் என்பது பதிலாகாது. ஏனென்றால் அந்தப் பரீட்சை எப்படியும் வரத்தான் போகிறது, பிந்தி வரும், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் சித்தி இல்லாவிட்டாலும் உயர்தரத்துக்குப் போகலாம். உயர்தரத்தில் பொது ஆங்கிலம் இசட் புள்ளியில் சேராது. ஆகவே பதினெட்டு, பத்தொன்பது வயது வரைக்கும் யாரும் இதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. பிறகு பல்கலைக்கழகத்தில் முதல் நாள் ஆங்கில மூல விரிவுரை. மைக்கில் பேசுவது புரியாமல், பக்கத்தில் உள்ளவரின் நோட்ஸைப் பார்த்து எழுதுகிறோம். நேர்முகத் தேர்வில் கேள்வி விளங்காமல் "யெஸ் சேர்" என்கிறோம். வெளிநாடு போக நினைத்தால் ஐஈஎல்டிஎஸ், அதில் கேட்டலுக்கு 40 கேள்விகள், ஒலிப்பதிவு ஒரே தடவைதான் ஓடும். பாடசாலை இலவசமாக வைக்காத பரீட்சையை வாழ்க்கை காசு வாங்கிக்கொண்டு வைக்கிறது.

எங்கள் ஊரிலேயே பாருங்கள். ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்கவும் லிப்டன் சீட் ஏறவும் உலகமே எல்லவுக்கும் அப்புத்தளைக்கும் வருகிறது. அவர்கள் நடந்து போகும் பாதை தேயிலை மலைக்குள்ளால்தான் போகிறது. ஆனால் ஹோட்டல் வரவேற்பு மேசையில், சுற்றுலா வழிகாட்டி வேலையில் அந்த மலைப் பிள்ளைகள் எத்தனை பேரைக் காண்கிறீர்கள்? காரணம் மொழி மட்டும் இல்லை, தெரியும். ஆனால் மொழியும் ஒரு காரணம்.

அரசியலமைப்பு ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது. காதில் விழுந்தால் விளங்காத மொழி யாரை யாரோடு இணைக்கும்?

ஆகவே நாங்கள் கேட்பது இவைதான். முதலாவது, கேட்டலைச் சாதாரண தரத்தில் உடனே கொண்டுவராமல் ஆறாம் ஆண்டிலிருந்து பாடசாலை மட்டத்தில், தவணைக்கு ஒரு தடவை, பதினைந்து நிமிடம் வையுங்கள். தொடக்க வருடங்களில் அந்தப் புள்ளி யாரையும் விழுத்துவதற்கு அல்ல, பிள்ளை எங்கே நிற்கிறது என்று ஆசிரியர் அறிவதற்கு மட்டும் என்று இருக்கட்டும். இரண்டாவது, ஒலிப்பதிவுகள் இலங்கைக் குரல்களில் இருக்கட்டும். பஸ் நிலைய அறிவித்தல், ஆஸ்பத்திரியில் மருந்து சொல்லும் விதம், வேலைக்கு அழைக்கும் தொலைபேசி. லண்டன் வானிலை அறிக்கை நமக்கு எதற்கு? மூன்றாவது, பரீட்சையாக மாற்றும் முன் ஒவ்வொரு தோட்டப் பாடசாலைக்கும் பற்றரியில் ஓடும் ஒரு ஸ்பீக்கரும், சத்தம் புகாத ஓர் அறையும் கொடுங்கள். கேட்டல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு மாற்று வழி முதல் நாளே இருக்க வேண்டும். நான்காவது, வாசிப்புக் கேள்விகளில் கிமிலன் கேள்விகளைக் குறைத்து, ஏன், எப்படி என்று கேளுங்கள்.

இதெல்லாம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. இந்த வருடம் லீவுக்கு வரும் எல்லாக் கலைப்பீட நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்தில் பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து, கிழமைக்கு ஒரு நாள் பாடநூலில் அந்தப் புரட்டப்பட்ட பக்கத்தை எடுங்கள். மெதுவாக, சத்தமாக வாசியுங்கள். உங்கள் உச்சரிப்பு அப்படி ஒன்றும் சுத்தமாக இருக்கத் தேவையில்லை, எங்களுடையதும் அப்படி இல்லை. "இது பேப்பருக்கு வருமா அக்கா?" என்று கேட்பார்கள். இன்னும் வராது, ஆனா வாழ்க்கையில வரும் என்று சொல்லிவிட்டு இரண்டாவது தடவையும் வாசியுங்கள்.